பத்துக் கேள்விகளோடு மட்டக்களப்புக்கு

முதல் நாள்

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில் புறப்பட்டுப் பத்து நிமிடம் ஆகவில்லை. எதிர் இருக்கையில் இருந்த ஐயா என் பேச்சைக் கேட்டே ஊரைப் பிடித்துவிட்டார். "யாழ்ப்பாணமா? மட்டக்களப்புக்கா போகிறீர்கள்? பாய் கவனம், மகள்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகிடி தெரியும். மட்டக்களப்புக்குப் போகிறவனை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்களாம், அவன் திரும்பி வரவே மாட்டானாம். என் பெரியம்மா இதை உண்மையாகவே நம்பினார். மந்திரம் எதுவுமில்லை. அந்தக் கரையில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் மகளுக்கு எழுதப்படுகின்றன. தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் இதுதான் வழக்கம். உத்தியோகத்துக்குப் போன யாழ்ப்பாணத்து இளைஞன் அங்கே பெண் எடுத்தால் அங்கேயே இருந்துவிடுவது இயல்பு. அதற்கு ஊரில் இருந்தவர்கள் வைத்த பெயர்தான் மந்திரம்.

என் பையில் அறுபது பிரதி கடதாசி இருக்கிறது. நான் கொழும்பில் இருந்து சுகாதாரத் துண்டுப் பிரசுரங்களைத் தமிழாக்குகிறவள். தாதியருக்குப் படிப்பிக்கும் தோழி ஒருத்தி, பிள்ளை பெற்ற தாய்மாரின் மனநலம் பற்றிக் வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சிகளான குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு ஒரு சிறிய பேச்சுத் துணைக் குறிப்பு வேண்டும் என்று கேட்டிருந்தாள். செய்து கொடுத்தேன். "நீ வந்து அவர்கள் முன்னால் வாசி. பிறகு தெரியும்" என்றாள். அந்தக் குரலிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மன்னம்பிட்டியில் விழித்தேன். புனாணையில் மறுபடி கண் சொருகியது. வாழைச்சேனையில் யாரோ மீன் பெட்டியோடு ஏறினார்கள், அதன் பிறகு நித்திரை இல்லை. மட்டக்களப்புடன் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் போகிறவர்கள் இங்கே இறங்கி பஸ் பிடிக்க வேண்டியதுதான்.

கச்சான் காற்று வீசும் மாதம். காலை ஏழு மணிக்கே முகத்தில் அடுப்பைத் திறந்தது போல இருந்தது.

இரண்டாம் நாள்

கிளினிக் மண்டபத்தின் ஒரு பக்கத்தில் தாய்மார் வாங்குகளில் இருந்தார்கள். மடியில் கர்ப்பிணிப் பதிவேடு, பக்கத்தில் திரிபோஷா சத்துமா பக்கெற். மறுபக்கத்து அறையில் நாங்கள் பதினைந்து பேர். அவர்களில் பதின்மூன்று பேர் குடும்பநல உத்தியோகத்தர்கள். அந்த உத்தியோகப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை, எல்லோருக்கும் அவர்கள் 'மிஸ்' தான். மூத்தவருக்கு இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. அவரை மற்ற மிஸ்மார் 'பெரிய மிஸ்' என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த நாட்டின் மருத்துவிச்சி ஏற்பாடு பழையது. களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது, அதன் வழியே வந்ததுதான் இன்றைய எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனை. ஒரு மிஸ்ஸுக்கு ஏறத்தாழ மூவாயிரம் பேர் என்பது கணக்கு. பக்கத்துப் பிரிவில் வெற்றிடம் இருந்தால் அந்த மூவாயிரமும் அவர் தலையில்தான். இன்று எங்களோடு இருந்தவர்களில் நான்கு பேர் அப்படிப் பதில் கடமை பார்க்கிறவர்கள். பிள்ளை பெற்று வீடு திரும்பியவளை முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவை போய்ப் பார்க்க வேண்டும், அதன் பிறகும் போக வேண்டும். தாயின் தையல், பிள்ளையின் தொப்புள், பால் குடிக்கும் விதம், நிறை, மஞ்சள் காமாலை என்று பார்ப்பதற்கு ஏற்கெனவே நிறைய உண்டு. அவற்றோடு இப்போது மனமும்.

பிள்ளை பெற்றவளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் கேள்வித்தாள் எடின்பரோவிலிருந்து வந்தது. ஜோன் கொக்ஸும் அவரது இரண்டு சகாக்களும் 1987இல் வெளியிட்டார்கள். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி, மொத்தம் முப்பது. கடந்த ஏழு நாட்களை மட்டுமே கேட்கும். கூடுதலான புள்ளி வந்தால் நோய் என்று தீர்ப்பில்லை, அடுத்த வாசலுக்கு அனுப்பச் சொல்லும் மணி அது. ஒரு மொழியில் பரிசோதித்து எடுத்த படிவத்தின் சொற்களை நினைத்தபடி மாற்றவும் முடியாது. மாற்றினால் புள்ளிக்கு அர்த்தம் போய்விடும். என் வேலை படிவத்தைத் தொடுவதல்ல. தாய் விளங்காமல் விழித்தால் மிஸ் எப்படி விளக்கலாம் என்று பக்கத்தில் வைக்கும் குறிப்புத்தான் என்னுடையது.

வாசிக்கத் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே ஒரு கை உயர்ந்தது.

"அக்கா, 'நீங்கள் வருத்தமாக இருந்தீர்களா' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இதைக் கேட்டால் அவள், 'இல்லை மிஸ், காய்ச்சல் ஒன்றும் இல்லை' என்று சொல்வாள்."

எனக்குக் காது சுட்டது. நான் யாழ்ப்பாணத்துக்காரி. எங்கள் வீட்டிலும் வருத்தம் என்றால் நோய்தான், வருத்தக்காரர் என்றால் நோயாளிதான். சென்னையில் அச்சிட்ட புத்தகங்களைப் பார்த்து மொழிபெயர்த்துப் பழகிய கை என் தாயின் சொல்லையே மறந்துவிட்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஆறாவது கேள்வி வந்தது. வேலைகளும் கவலைகளும் சமாளிக்க முடியாத அளவுக்குக் குவிந்துவிட்டனவா என்பது அதன் கருத்து. ஆங்கிலத்தில் அதை 'மேலே ஏறுவது' போன்ற ஒரு வழக்கில் சொல்லியிருப்பார்கள். நான் நள்ளிரவில், நாளைக்குத் திருத்தலாம் என்று, 'எல்லாம் என் மேல் ஏறிவிட்டது போல இருந்தது' என்று எழுதி வைத்திருந்தேன். திருத்தவில்லை.

அறை ஒரு கணம் அமைதியாக இருந்தது. பிறகு வெடித்தது. மட்டக்களப்பில் ஒன்று ஒருவர் மேல் ஏறுகிறது என்றால் அது தெய்வம், இல்லையென்றால் பேய். கோயில் சடங்கில் தெய்வம் ஏறி ஆடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். "இதை நான் கேட்டால், 'எனக்கு ஒன்றும் ஏறவில்லை மிஸ், மாமிக்குத்தான் அம்மன் ஏறும்' என்பாள்" என்று ஒரு மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். தோழி என்னைப் பார்க்கவே இல்லை.

சிரிப்பு அடங்கியதும் உண்மையான வேலை தொடங்கியது. தாய்மார் எந்தச் சொல்லில்தான் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "யோசனை" என்றார்கள் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில். யோசனை என்றால் இங்கே திட்டமல்ல. இரவில் கண் மூடாமல் கிடந்து ஒன்றையே சுற்றிச் சுற்றி நினைப்பது. "ஒரே யோசனையாக இருக்கிறது" என்று ஒருத்தி சொன்னால் மிஸ்மார் காதைத் தீட்டிக்கொள்வார்களாம். அடுத்தது நெஞ்சு அடைப்பது, தலை கொதிப்பது, கை கால் உளைவது. மனம் என்ற சொல் பெரும்பாலும் வருவதே இல்லை, வந்தால் கடைசியில்தான்.

நித்திரை பற்றிய கேள்விக்கு ஒரு இளம் மிஸ் சொன்ன திருத்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். பச்சைப் பிள்ளைக்காரியிடம் நித்திரை வருகிறதா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "பிள்ளை நித்திரை கொள்ளும் நேரத்திலும் உங்களுக்கு நித்திரை வரவில்லையா?" என்று கேட்க வேண்டும்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் காரணமில்லாமல் அழுவது வேறு. பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு அது வரும், இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். போகாமல் தங்கிவிடுவதுதான் பிரச்சினை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு மனநோய், பெரும்பாலும் மனச்சோர்வு. வளரும் நாடுகளில் அது 19.8. நான் இந்த எண்ணைச் சொன்னபோது பெரிய மிஸ் கொப்பியில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். தன் பிரிவில் போன வருடம் பிறந்த பிள்ளைகளின் தொகையை எழுதி, அதன் பக்கத்தில் ஐந்தால் பிரித்திருந்தார். கீழே ஆறேழு வீட்டு இலக்கங்கள். பட்டியல் அவர் எதிர்பார்த்ததை விடக் குட்டையாக இருந்தது போல. பேனையை மூடிவிட்டு நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள்

படுவான்கரை. வாவிக்கு இந்தப் பக்கம், கடலும் சூரிய உதயமும் உள்ள கரை எழுவான்கரை. அந்தப் பக்கம், சூரியன் படும் கரை படுவான்கரை. வயலும் காடும் யானையும் அந்தப் பக்கம்தான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை இந்த இடத்தில் மனிதரும் சைக்கிளும் பாதையில் ஏறித்தான் தண்ணீரைக் கடந்தார்கள். இங்கே பாதை என்றால் ரோடு அல்ல, ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. வலி கண்ட பெண்ணும் அதில்தான் வந்தாள். பெரிய மிஸ்ஸுக்கு அந்தக் காலம் தெரியும். "காற்று மாறினால் பாதை வராது. பிள்ளைக்கு அது விளங்குமா?" என்றார் ஸ்கூட்டியை ஓட்டியபடி.

கொக்கட்டிச்சோலையைத் தாண்டி ஒரு கிறவல் ரோட்டில் திரும்பினோம். வீட்டின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். உள்ளே வரலாமா என்று மிஸ் எனக்காகக் கேட்டு, அந்தப் பெண் தலையாட்டிய பிறகுதான் படியேறினேன்.

இருபத்திரண்டு வயது இருக்கலாம். பிள்ளைக்கு ஐந்தாவது கிழமை. கல்வீடு, பாதி பூசிய சுவர், வாசலில் வேப்பிலை. விறாந்தையில் அவளுடைய மாமி. முதல் வார்த்தையே முறைப்பாடுதான்: "பாருங்கள் மிஸ், பாயோடு ஒட்டிக்கிடக்கிறாள்."

ரயிலில் கேட்ட பகிடியின் அதே சொற்கள். எனக்கு அவற்றைக் கேட்டதும் என்னவோ போல இருந்தது.

வீடு அவளுடைய தாயின் வீடு. தாய் குவைத்தில் வீட்டு வேலை. பூசிய பாதிச் சுவர் அந்தக் காசு, பூசாத பாதி இன்னும் வர வேண்டிய காசு. இந்தக் கரையின் பெண்ணுக்கு இருக்கிற மிகப் பெரிய பலமே பிள்ளை பெற்றதும் தாய் பக்கத்தில் இருப்பதுதான். சரக்கு அரைத்துக் கறி வைப்பது, பால்சுறா தேடி வாங்குவது, வெந்நீர் வார்ப்பது, இரவில் பிள்ளையைத் தூக்கி நடப்பது எல்லாம் தாயும் தாயின் தங்கைமாரும். மாமி என்பவள் இங்கே விருந்தாளி. அந்த விருந்தாளிதான் இப்போது எல்லாவற்றையும் செய்கிறாள், தன் வீட்டையும் கோழிகளையும் விட்டுவிட்டு வந்து. அடுப்படியில் உப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. மருமகளிடம் கேட்கவும் கூச்சம்.

மிஸ் மனதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. தொங்கு தராசை எடுத்தார், கூரை வளையில் கொளுவினார். பிள்ளையின் உடுப்பைக் கழற்றித் தூளித் துணியில் வைத்துத் தூக்கினார். முள் நடுங்கி நின்றது. பதிவேட்டின் வளைகோட்டில் ஒரு புள்ளி வைத்து, அதைப் பழைய புள்ளியோடு இணைத்து, தாயின் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்கள், ஏறுகிறது. இது உங்கள் பால்." அவள் கோட்டைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மிஸ் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார். நிறை ஏறிய கோட்டைக் காட்டும்போது எந்தத் தாய்க்கும் கண்ணில் ஏதாவது ஒன்று அசையுமாம்.

பிறகு பிள்ளையை மாமியின் கையில் கொடுத்தார். "மாமி, இவரைக் கொஞ்சம் வெளியே காற்றாட வைத்திருங்கள். அப்படியே இந்த அக்காவுக்குக் கிணற்றையும் காட்டுங்கள், முகம் கழுவ வேண்டுமாம்."

எனக்கு முகம் கழுவ வேண்டும் என்பதே அப்போதுதான் தெரியும். ஆளை அகற்றும் கலை இது. தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால் வீடே கதவருகில் வந்து நிற்கும்.

அதனால் உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கிணற்றடியில் மாமி சொன்னதைச் சொல்கிறேன். 1990இல் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவருக்கு மூத்த பிள்ளை பிறந்தது. ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம். மேசைகளை நிமிர்த்தி மறைப்புக் கட்டினார்கள். "எனக்கும் யோசனை இருந்தது. யாரிடம் சொல்வது? அரிசிக்கு வரிசையில் நிற்கிறவர்களிடமா?" வாளியை இறக்கியவர் அதை நிறைக்காமலே மேலே இழுத்தார். "இவள் கிடக்கிறதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஏன் வருகிறது என்று தெரியவில்லை."

நான் பதில் சொல்லவில்லை. பிள்ளை கொட்டாவி விட்டது.

அரை மணித்தியாலம் கழித்து மிஸ் வெளியே வந்தார். ஏணையின் கயிற்றைச் சரிபார்த்தார், மாமியிடம் சரக்குத் தண்ணீரில் மிளகு கூடிவிட்டது என்று ஒரு பொய்க் குற்றம் சொன்னார், நாளைக்கும் இந்தப் பக்கம் வருவதாகச் சொன்னார். ஸ்கூட்டி ரோட்டுக்கு ஏறிய பிறகு ஒரு மர நிழலில் நிறுத்தி, எம்.ஓ.எச்.சுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாளை போயா. பௌர்ணமி விடுமுறையாயிற்றே?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு நிறை போட வர முடியாது. பால் தயிர் வாங்க வரலாம்தானே."

நான்காம் நாள்

போயா. அலுவலகங்கள் பூட்டு. மட்டக்களப்புக் கோட்டையின் மதிலில் ஏறி வாவியைப் பார்த்தேன். போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது 1628இல். இரவு கல்லடிப் பழைய பாலத்தடியில் படகில் போய்ப் பாடும் மீன் கேட்கலாம் என்று கூட்டிப்போனார்கள். சித்திரை முதல் புரட்டாசி வரை பௌர்ணமி இரவில்தான் நன்றாகக் கேட்குமாம். படகோட்டி துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறு முனையைக் காதில் வைக்கச் சொன்னார். வைத்தேன். புதுப் பாலத்தில் போன லொறிதான் கேட்டது. கேட்டதாகச் சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் மலர்ந்தது.

பகலில் வாசித்ததில் ஒன்றை இங்கே குறித்து வைக்கிறேன். பாகிஸ்தானின் ஒரு கிராமப்புறத்தில் ஆதிஃப் ரஹ்மானும் சகாக்களும் செய்த ஆய்வு, 2008இல் வெளிவந்தது. மனச்சோர்வு இருந்த 903 கர்ப்பிணிகள். ஒரு பகுதியினரைப் பார்க்கப் போன கிராமச் சுகாதாரப் பெண்களுக்குச் சிறிய பயிற்சி கொடுத்தார்கள்: தாயின் யோசனை எங்கே முடிச்சு விழுகிறது என்று பார்த்து, பிள்ளையின் நன்மையை முன்வைத்து அந்த முடிச்சை அவளைக் கொண்டே அவிழ்ப்பிப்பது. மற்றப் பகுதியினரையும் அதே எண்ணிக்கையில் போய்ப் பார்த்தார்கள், ஆனால் அந்தப் பயிற்சி இல்லை. ஆறு மாதம் கழித்துப் பயிற்சி பெற்றவர்கள் பார்த்த தாய்மாரில் நூற்றுக்கு 23 பேருக்கு மனச்சோர்வு எஞ்சியிருந்தது, மற்றவர்களில் 53 பேருக்கு. மனநல வைத்தியர் எவரும் அந்த வீடுகளுக்குப் போகவில்லை. உலக சுகாதார நிறுவனம் பிறகு இதை ஒரு கைந்நூலாகவே வெளியிட்டது.

போய்ப் பார்ப்பது மட்டும் போதாது, போய் என்ன பேசுவது என்பதும் வேண்டும் என்று இந்த எண்கள் சொல்கின்றன. நேற்றைய மர நிழலில் எழுதப்பட்ட கடிதத்தை நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்

கல்முனை பஸ். காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், களுதாவளை, களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று ஊர்கள் நூலில் கோத்தது போல வருகின்றன. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி. ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர், மறுபடி தமிழ் ஊர். கல்லாற்றைத் தாண்டினால் அம்பாறை மாவட்டம். மருதமுனையில் கைத்தறிச் சத்தம் பஸ்ஸுக்குள்ளேயே கேட்டது.

இங்கே நாங்கள் சந்தித்தது ஓய்வு பெற்ற தாதி ஒருவரையும், இன்னும் வேலையில் இருக்கும் ஏழு மிஸ்மாரையும். பெரும்பாலோர் முஸ்லிம்கள். தோழி அவர்களை ராத்தா, அதாவது அக்கா, என்றே அழைத்தாள், ஓய்வு பெற்றவர் எங்கள் இருவரையும் மகள் என்றார். என் குறிப்பின் திருத்திய பிரதியை வாசித்தேன். சிரிப்பு வரவில்லை, நல்ல சகுனம். ஒரு ராத்தா மட்டும், "நாற்பது முடியும் வரை உம்மா அறையை விட்டு அசைய மாட்டா. அவவையும் வைத்துக்கொண்டே கேட்கப் பழக வேண்டும். சில வீட்டில் அதுதான் நல்லது, மகளுக்குச் சொல்ல வாய் வராததை உம்மா சொல்லிவிடுவா" என்றார். நேற்று முன்தினம் ஆளை அகற்றும் கலையைக் கண்டு மெய்மறந்த எனக்கு இது ஒரு குட்டு.

பத்தாவது கேள்விக்கு வந்தோம். தனக்குத் தானே தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்பது. இதை வாயால் கேட்க எல்லோருக்கும் தயக்கம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். அப்படி இல்லை. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை, பலருக்குச் சொல்லக் கிடைத்ததே ஆறுதலாகிறது. கர்ப்ப காலத்திலோ பிள்ளை பெற்ற பின்போ நேரும் தற்கொலையைத் தாய் மரணமாகவே, அதிலும் நேரடித் தாய் மரணமாகவே எண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் வகுத்தது. இரத்தப்போக்கைப் போல இதுவும் ஒன்று. ஒரு மிஸ் அந்தக் கேள்வியை மேசையைப் பார்த்தபடி வாசித்தார். ஓய்வு பெற்ற தாதி அவரை நிறுத்தி, "முகத்தைப் பார்த்துக் கேளுங்கள் மகள்" என்றார். மூன்றாவது தடவைதான் குரல் நடுங்காமல் வந்தது.

தேநீரின்போது பேச்சு சுனாமிக்குப் போனது. இந்தக் கரையில் எந்தப் பேச்சும் ஒரு கட்டத்தில் 2004 டிசம்பர் 26க்குப் போய்விடும். கல்முனை வைத்தியசாலையில் 81ஆவது ஆளாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தையின் கதையை உலகமே வாசித்தது. ஒன்பது தாய்மார் உரிமை கோரினார்கள் என்று எழுதினார்கள். நீதிமன்றத்துக்குப் போனது ஒரே ஒரு தம்பதி, 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை அவர்களுடைய பிள்ளைதான் என்று சொன்னது. "பத்திரிகைகளுக்கு அது வேடிக்கை" என்றார் அந்தத் தாதி. "பிள்ளை போனவளுக்குப் பால் போகாதே, மகள். மார்பு கட்டிக்கொண்டு நிற்கிறவளுக்கு எந்தப் பிள்ளை அழுதாலும் தன் பிள்ளைதான்."

பிள்ளை இறந்து பிறந்தாலும் மூன்றாம் நாள் பால் வரும். அதை எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை. முன்பெல்லாம் மல்லிகைப் பூவை நூலில் தொடுத்து மார்பில் வைத்துக் கட்டுவார்கள், பால் வற்றும். கைவைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். வேலூரின் வைத்தியர்கள் 1988இல் இதை மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். தாதியின் கை அதைச் சொல்லும்போது காற்றில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தது. சுனாமிக்குப் பிறகு வந்த நாட்களில் எங்கேயும் மல்லிகை இல்லை என்றார். கொடிகளெல்லாம் உப்பில் கருகிவிட்டனவாம்.

அன்று மாலை பஸ்ஸில் தோழியும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள்

காலையில் மனநலப் பிரிவின் வைத்தியர் ஒருவர் வந்து ஒரு மணித்தியாலம் பேசினார். பேசியதை விட வேகமாக எழுதினேன். பிள்ளை பெற்ற பின் வரும் மனநோயில் மிகக் கடுமையான வகை ஆயிரம் பிரசவத்தில் ஒன்றோ இரண்டோதான், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். நித்திரையே இல்லை, பேச்சு ஓடுகிறது, ஆளும் இடமும் குழம்புகின்றன, பிள்ளையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை. அன்றைக்கே வைத்தியசாலைக்கு வர வேண்டும், நாளைக்கு என்பது இல்லை. சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் நன்றாகக் குணமாகிறார்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தில் தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் வைத்துப் பார்க்கும் பிரிவு இருக்கிறது. அந்த நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1926. களுத்துறைச் சுகாதாரப் பிரிவு தொடங்கிய ஆண்டும் அதுவே என்று நான் சொன்னேன். தற்செயல்தான், ஆனால் மிஸ்மாருக்கு இலக்கம் இனி மறக்காது.

இப்படி வரும்போது வீட்டார் முதலில் நூல் கட்டத்தான் போவார்கள். அதைப் பற்றிக் கேட்டபோது வைத்தியருக்கு முன் பெரிய மிஸ் பதில் சொன்னார்: "நூலைக் கட்டிவிட்டு வாருங்கள், ஓட்டோ வாசலில் நிற்கட்டும் என்பேன். கட்ட வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கு எனக்கு அந்த வீட்டுக் கதவு பூட்டு." வைத்தியர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மாத்திரை எடுத்தால் பால் நஞ்சாகும் என்ற பயத்தையும் பேசினோம். செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்து பாலுக்குள் போவது மிகச் சொற்பம், வைத்தியர் சொன்னபடி எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம். வீட்டார் சொல்கேட்டு மருந்தைத் திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து.

ஆறாவது கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்த விளக்கம் இப்போது இதுதான்: 'எல்லாம் கைமீறிப் போகிறது, என்னால் ஏலாது என்று இருந்ததா?' பதின்மூன்று பேரும் சரி என்றார்கள். 'ஏலாது' என்ற சொல்லை நான் இதுவரை எந்தப் பிரசுரத்திலும் எழுதியதில்லை. எழுத்துக்கு ஆகாது என்று நானே தள்ளி வைத்திருந்த சொல்.

மத்தியானம் பெரிய மிஸ் வீட்டில் சாப்பாடு. இறால் கறியும் தயிரும். படுவான்கரைப் பெண் நேற்றுக் காலை மாமியோடு கிளினிக்குக்கு வந்ததாக மட்டும் சொன்னார், மேலே ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மிஞ்சிய கேள்வித்தாள் பிரதிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவு நாளும் இதோடு திரிகிறீர்கள். ஒரு தடவையாவது நிரப்பிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

விளையாட்டாக ஒரு பிரதியை எடுத்தேன். என் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. அவள் பிறந்து ஐந்தாவது கிழமையை நினைத்து, முதல் கேள்விக்குப் புள்ளடி போட்டேன், இரண்டாவதுக்கும் போட்டேன். அந்தக் கிழமையில் நான் ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் வரிசையில் நின்று அழுதேன். உள்ளே இருந்தவர், "இதற்கெல்லாமா வருவது, வீட்டில் உதவிக்கு ஆள் இல்லையா?" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். அதற்குப் பிறகு நான் எவரிடமும் கேட்கவில்லை. மூன்றாவது கேள்வியில் பேனை நின்றுவிட்டது.

பெரிய மிஸ் கடதாசியை என் கையிலிருந்து இழுத்தெடுத்து மடித்து வைத்தார். "இது கடந்த ஏழு நாளுக்குத்தான். பதினான்கு வருடத்துக்குக் கடதாசி இல்லை. வாயால் சொல்லுங்கள்." அடுப்பில் தண்ணீர் வைத்தார், கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவதில்தான் ஏறினேன்.